தேய்ந்த தகடும் தேர்ந்த கையும்: சிங்கப்பூர் வானூர்தித் தொழிலில் இயந்திரக் கையின் வரலாறு

ஓட்டுபவன் இன்றித் தானே செல்லும் வானூர்தியைப் பழந்தமிழ்ப் புலவர் கற்பனை செய்தனர் என்று மேடைகளில் பெருமை பேசுவது தமிழர் வழக்கம். அப்பெருமையில் தவறில்லை. ஆயினும், ஊர்தி கற்பனையில் பறப்பது வேறு. உலோகமாகி, எந்திரமாகி, முந்நூறு உயிர்களைச் சுமந்து மேலெழுவது வேறு. இரண்டாவது நிகழவேண்டுமாயின், அதன் ஒவ்வொரு தகட்டையும் ஒவ்வோர் ஆணியையும் எவரோ ஒருவர் பார்த்து, தொட்டு, அளந்து, “இது பறக்கத் தகும்” என்று தீர்ப்பளித்திருக்க வேண்டும். நூறாண்டுக் காலமாக அத்தீர்ப்பு மனிதனுடையதாகவே இருந்தது. இன்று அதில் ஒரு பங்கை இயந்திரமும் ஏற்றுக்கொண்டுள்ளது.

இம்மாற்றம் சிங்கப்பூரில் நிகழ்ந்த வரலாறு தனித்தன்மை உடையது. பெரிய நாடுகளில் இயந்திரக் கை புதிய பொருளைச் செய்வதற்காக ஆலைக்குள் நுழைந்தது. இத்தீவின் வானூர்தித் தொழிலிலோ, அது பெரும்பாலும் பழைய பொருளைச் சீர்செய்வதற்காக நுழைந்தது. சிறிய வேறுபாடாகத் தோன்றும் இதுவே, பின்னர் நடந்த பலவற்றுக்கும் காரணமாயிற்று.

பந்தயத் திடலில் தொடங்கிய கதை

சிங்கப்பூர் மக்கள் முதன்முதலில் விமானம் ஒன்று மேலெழுந்ததைக் கண்ணாரக் கண்டது தேக்கா வட்டாரத்திற்கு அருகில்தான். இன்று ஃபேரர் பார்க் என வழங்கும் இடத்தில் அக்காலத்தில் குதிரைப் பந்தயத் திடல் இருந்தது. 1911 மார்ச் 16ஆம் நாள், பெல்ஜிய நாட்டு வீரர் ஜோசப் கிறிஸ்டியன்ஸ் அத்திடலிலிருந்து பிரிஸ்டல் வகை இரட்டைச் சிறகு விமானத்தில் பறந்து காட்டினார். மரச்சட்டமும் துணியும் கம்பியும் சேர்த்துக் கட்டிய ஊர்தி அது.

எட்டாண்டுகள் கழித்து, 1919 டிசம்பரில், இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு முதன்முதலாகப் பறந்து சென்ற விக்கர்ஸ் விமி விமானம் அதே திடலில் வந்திறங்கியது. அதை ஓட்டிவந்த ரோஸ் ஸ்மித், கீத் ஸ்மித் என்னும் உடன்பிறந்தார் இருவருக்கும் ‘சர்’ பட்டம் கிடைத்தது. அவர்கள் பெயர் வரலாற்று நூல்களில் இடம்பெற்றது. ஆயின் அவ்விமானத்தில் வேறிருவரும் வந்தனர். பெனட், ஷையர்ஸ் என்னும் அவ்விரு மெக்கானிக்குகளே தங்கிய இடந்தோறும் எந்திரத்தைத் திறந்து துடைத்து, பழுது நீக்கி, மறுநாள் பயணத்துக்கு ஆயத்தம் செய்தவர்கள். ஓட்டியவரை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. சீர்செய்தவரைத் தேடித்தான் அறியவேண்டியிருக்கிறது. வானூர்தித் தொழிலின் வரலாறு நெடுகிலும் இந்நிலையைக் காணலாம்.

சிலேத்தார்: பிறர் விட்டுச்சென்ற பட்டறை

1920களின் இறுதியில் ஆங்கிலேயர் தீவின் வடகிழக்கே சிலேத்தாரில் விமானப்படைத் தளம் அமைத்தனர். அதற்கு அருகே உருவான ஜாலான் காயு என்னும் சாலைப்பெயர், தளத்தைக் கட்டிய பொறியாளர்களுள் ஒருவரான வுட் என்பவரின் பெயரை மலாய் மொழியில் பெயர்த்து வைத்தது என்பர். ‘காயு’ என்றால் மரம். தளத்தில் வேலை செய்தவர்களுள் தமிழரும் மலையாளிகளும் கணிசமாக இருந்தனர். எடுபிடி வேலை முதல் எழுத்தர் வேலை வரை, பட்டறை வேலை உட்பட, பல நிலைகளில் அவர்கள் பணியாற்றினர்.

1968 ஜனவரியில் பிரிட்டிஷ் அரசு தன் படைகளை விரைவில் விலக்கிக்கொள்ளப் போவதாக அறிவித்தது. அக்காலத்தில் நாட்டின் வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு படைத்தளங்களைச் சார்ந்திருந்தது. நேரடியாகவும் மறைமுகமாகவும் பல்லாயிரம் குடும்பங்களுக்கு அவையே சோறு போட்டன. விடுதலை பெற்று மூன்றாண்டுகூட நிரம்பாத நாட்டுக்கு இது பேரிடியாக வந்தது. ஆயினும், படையினர் சென்றபோது ஓடுபாதைகளும் கொட்டகைகளும் கடைசல் எந்திரங்களும் இங்கேயே நின்றன. அவற்றைவிட முதன்மையாக, அவற்றைக் கையாளத் தெரிந்த கைகளும் இங்கேயே இருந்தன. 1971இல் படை விலகல் பெரும்பாலும் முடிந்தபோது, சிலேத்தாரில் வேறொரு தொழில் வேரூன்றத் தொடங்கியிருந்தது.

சிங்கப்பூர் தன் ஆகாயப்படைக்கு 1972இல் வாங்கிய ஸ்கைஹாக் போர்விமானங்கள் புதியவை அல்ல. அமெரிக்கக் கடற்படை பயன்படுத்தி ஒதுக்கியவை. அவற்றுட் பெரும்பாலானவை சிலேத்தாரிலேயே பிரித்து, சீரமைத்து, மீண்டும் பூட்டப்பெற்றன. 1975இல் ‘சாம்கோ’ எனச் சுருங்க வழங்கிய விமானப் பராமரிப்பு நிறுவனம் தோன்றியது. 1980களில் அதே ஸ்கைஹாக் விமானங்களுக்குப் புதிய எந்திரம் பொருத்தி மேலும் பல்லாண்டு பறக்கச் செய்தனர். இந்நிறுவனமும் இதன் உடன்பிறப்பு நிறுவனங்களும் படிப்படியாக இணைந்து, 1997இல் எஸ்டி எஞ்சினியரிங் என்னும் பெருநிறுவனமாயின.

மற்றவர் கழித்ததை வாங்கி மேலும் இருபதாண்டு உழைக்கச் செய்வது ஏழை வீட்டுக் குணம். அக்குணமே இங்கு ஒரு நாட்டின் தொழிலாயிற்று. சாங்கி விமான நிலையம் 1981இல் திறக்கப்பட்ட பின், உலகின் பல நாட்டு விமானங்கள் இங்கு வந்துசென்றன. வந்த விமானத்தின் எந்திரத்தை இங்கேயே திறந்து பார்ப்பது வசதியாக இருந்தது. எந்திரங்களைச் சீர்செய்யும் ஆலைகள் லோயாங், சாங்கி வட்டாரங்களில் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன.

கிளமெண்டி: கற்பித்த சாலை

கைகள் இருந்தால் போதாது. அடுத்த தலைமுறைக் கைகளைப் பழக்கவும் வேண்டும். அப்பொறுப்பில் தீவின் மேற்கேயுள்ள கிளமெண்டி வட்டாரத்திற்குப் பெரும்பங்கு உண்டு.

கிளமெண்டி சாலைக்கு முன்பு வேறு பெயர் இருந்தது. தவறிழைத்த சிறுவர்களைத் திருத்தி வளர்ப்பதற்காக அங்கே அமைந்த பள்ளியின் பெயரால், அது சீர்திருத்தப் பள்ளிச் சாலை என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் வழங்கியது. 1940களில் அப்பெயர் மாறியது. புதிய பெயர் 19ஆம் நூற்றாண்டின் ஆளுநர் செசில் கிளமெண்டி ஸ்மித்தைக் குறிக்கிறது என்பர் சிலர். 1930களில் ஆளுநராக இருந்த செசில் கிளமெண்டியைக் குறிக்கிறது என்பர் வேறு சிலர். யார் பெயரானால் என்ன? பழுதுற்றதை ஒதுக்காமல் சீர்செய்யும் எண்ணத்தோடு பெயர் பெற்ற சாலை, பிற்காலத்தில் சீர்செய்வோரை உருவாக்கும் சாலையாயிற்று.

நீ ஆன் கொங்சி என்னும் தியோசீவ் சீனர் அறநிறுவனம் 1963இல் தொடங்கிய கல்லூரி, 1968இல் கிளமெண்டி சாலையிலுள்ள வளாகத்துக்கு வந்து, தொழில்நுட்பக் கல்லூரி என்னும் பெயர் பெற்றது. 1982இல் அது நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரியாயிற்று. 1954இல் நிறுவப்பெற்ற சிங்கப்பூர்ப் பலதுறைத் தொழிற்கல்லூரியும் 1970களின் இறுதியில் நகர்ப்புறத்தை விட்டு, கிளமெண்டியை அடுத்த டோவர் சாலைக்குக் குடிபெயர்ந்தது. அதே காலத்தில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கிளமெண்டி புதுநகரை எழுப்பியது. ஒருபுறம் அடுக்குமாடி வீடுகளும், மறுபுறம் தொழிற்கல்லூரிகளும், கூப்பிடு தொலைவில் கெண்ட் ரிட்ஜ் பல்கலைக்கழகமுமாக, உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் நடந்தே சென்று பொறியியல் கற்கும் வட்டாரமாக அது வளர்ந்தது.

காலமும் அக்கல்விக்குச் சாதகமாக அமைந்தது. 1979இல் தேசியச் சம்பள மன்றம் மூன்றாண்டுகளுக்கு ஊதியத்தைக் கணிசமாக உயர்த்தும் கொள்கையைப் பரிந்துரைத்தது. மலிவான கூலியை நம்பி நிற்கும் ஆலைகள் வேறிடம் செல்லட்டும், திறனையும் இயந்திரத்தையும் நம்பும் ஆலைகள் இங்கே தழைக்கட்டும் என்பது அதன் உட்கிடை. ‘இரண்டாம் தொழிற்புரட்சி’ என்று அதனை அழைத்தனர். ஆள் குறைவு, கூலி கூடுதல் என்னும் இரண்டும் சேர்ந்தபோது, இயந்திரக் கையை நாடுவதைத் தவிர வழியில்லை என்பது தெளிவாயிற்று.

நிலவுக் கலம் செய்தவர் தந்த பெயர்

இயந்திரக் கை அப்போது உலகுக்குப் புதிதன்று. அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்து மோட்டார் வாகன ஆலை ஒன்றில் 1961லேயே ‘யூனிமேட்’ என்னும் முதல் தொழிற்சாலை ரோபோ வேலைக்கு வந்துவிட்டது. கொதிக்கும் வார்ப்புகளை அச்சிலிருந்து எடுத்து அடுக்குவது அதன் பணி. ஒரே பொருள், ஒரே இடம், ஒரே அசைவு. கண் இல்லை, கண் தேவைப்படவும் இல்லை.

சிங்கப்பூரில் 1981இல் ஜூரோங்கின் மேற்கே நன்யாங் தொழில்நுட்பக் கழகம் தொடங்கப்பெற்றது. அதுவே 1991இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அங்கு 1985இல் கணினிவழி வடிவமைப்புக்கும் உற்பத்திக்குமான மையம் ஒன்று உருவாயிற்று. அதற்குத் துணைநின்றது அமெரிக்காவின் கிரம்மன் நிறுவனம். 1969இல் மனிதனை நிலவில் இறக்கிய கலத்தைச் செய்தது அந்நிறுவனமே. சிங்கப்பூர் ஆகாயப்படை தன் முன்னெச்சரிக்கை விமானங்களையும் அதனிடமே வாங்கியது. கிரம்மன், நன்யாங் ஆகிய பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து, மையத்துக்கு ‘ஜின்டிக்’ என்று பெயரிட்டனர். பின்னாளில் அது தேசிய ஆய்வுக் கழகமாக வளர்ந்து, 2002இல் ‘சிம்டெக்’ என்று பெயர் மாறியது. நாட்டின் உற்பத்தித் தானியக்க ஆய்வுக்கு நாற்றங்காலாக அமைந்த கழகத்தின் பழைய பெயருக்குள்ளேயே ஒரு வானூர்தி நிறுவனம் ஒளிந்திருந்தது என்பதைப் பலரும் அறியார்.

ஒன்றுபோல் ஒன்றில்லாத தகடுகள்

ஜின்டிக் ஆய்வாளர் எதிர்கொண்ட சிக்கலை அறிய, ஜெட் எந்திரத்தின் உள்ளே ஒருமுறை நோக்கவேண்டும். எரிபொருள் எரியும் அறையை அடுத்து, சூடான வாயுவைத் திசைப்படுத்திச் சுழலியின்மீது பாய்ச்சுவதற்காக வளைந்த தகடுகள் வரிசையாக நிற்கின்றன. வழிகாட்டித் தகடுகள் என அவற்றைக் கூறலாம். புதிய எந்திரங்களில் அங்கு வீசும் வாயுவின் வெப்பம் 1,400 செல்சியசுக்கும் மேற்பட்டது. தகட்டின் உலோகமே உருகிவிடக்கூடிய வெப்பம். தகட்டின் உள்ளே குடைந்த நுண்துளைகளின் வழியே குளிர்ந்த காற்றைச் செலுத்தித்தான் அதனைக் காப்பாற்றுகின்றனர். ஆயிரக்கணக்கான மணிநேரம் இவ்வாறு உழைத்த தகட்டில் நுண்பிளவுகள் தோன்றும், ஓரங்கள் அரிக்கப்படும், உருவமே சற்று முறுக்கிக்கொள்ளும்.

அதனைத் தூக்கியெறிந்து புதிது வாங்கினால் செலவு மிகுதி. ஆகவே சீர்செய்கின்றனர். அழுக்கும் பழைய பூச்சும் நீக்கி, பிளவுகளில் உலோகப் பற்றை இட்டு, காற்றகற்றிய உலையில் சுடுகின்றனர். பற்று உருகிப் பிளவுகளை நிரப்பும். ஆனால் அம்மைத் தழும்புபோல மேலே மேடு தட்டி நிற்கும். அந்த மேட்டை மட்டும் சாணை பிடித்து நீக்கி, தகட்டைப் பழைய வளைவுக்குக் கொண்டுவர வேண்டும். மேடு மீந்தால் காற்றோட்டம் கெடும். கூடுதலாகத் தேய்த்தால் சுவர் மெலிந்து தகடு பயனற்றுப் போகும். இரண்டுக்கும் இடையே உள்ள வெளி ஒரு மயிரிழை அளவுதான்.

இவ்வேலையை மனிதர் கைகளே செய்துவந்தன. ஓடும் வார்ச் சாணையின்மீது தகட்டை அழுத்தித் திருப்பித் திருப்பித் தேய்ப்பர். எங்கே அழுத்துவது, எங்கே விடுவது, எப்போது நிறுத்துவது என்பதை விரல் நுனி அறியும்; தீப்பொறியின் நிறமும் ஒலியின் மாற்றமும் குறிப்புணர்த்தும். தங்க நகையை மெருகேற்றும் பொற்கொல்லரின் பக்குவம் அதற்கு வேண்டும். ஆனால் தூசும் இரைச்சலும் அதிர்வும் மிக்க வேலை. படித்த இளைஞர் அதை நாடவில்லை. கைதேர்ந்தவர்க்கு வயது ஏறிக்கொண்டே போயிற்று.

இயந்திரக் கையிடம் இதனை ஒப்படைக்கலாமே என்றால், அங்கேதான் முட்டுக்கட்டை. மோட்டார் ஆலையின் ரோபோவுக்கு ஒருமுறை வழி காட்டினால் போதும். ஆயிரம் முறையும் அதே வழியில் செல்லும். புதிய பொருள்கள் அனைத்தும் ஒரே அச்சில் வார்த்தவை என்பதால் அது செல்லுபடியாகிறது. பறந்து திரும்பிய தகடோ அப்படிப்பட்டதன்று. ஒன்று பாலைவனத்து மணற்காற்றில் உழைத்திருக்கும். ஒன்று கடலோர உப்புக்காற்றில் உழைத்திருக்கும். ஒவ்வொன்றும் தனக்கே உரிய முறையில் முறுக்கியிருக்கும். வரைபடத்திலுள்ள உருவத்தை நம்பி இயந்திரம் தேய்த்தால், ஒரு தகட்டில் காற்றைத் தேய்க்கும்; அடுத்த தகட்டில் சுவரையே அறுத்துவிடும்.

ஜின்டிக் ஆய்வாளர் 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் இதற்கு ஒரு தீர்வு கண்டு, அதனை ஆய்விதழ்களில் வெளியிட்டனர். இயந்திரக் கை முதலில் தகட்டை எடுத்து, ஒரு தொடுகோலின்மீது பல இடங்களில் தொட்டுத் தொட்டு அதன் உண்மையான உருவத்தை அளக்கும். பிறகு கணினி, தகட்டின் மூல உருவத்தை இந்த முறுக்கிய உருவத்தோடு வெவ்வேறு வகையில் பொருத்திப் பார்த்து, மிக நன்றாகப் பொருந்தும் நிலையைத் தேர்ந்தெடுக்கும். அந்தத் தகட்டுக்கு மட்டுமே உரிய தேய்ப்புப் பாதை அதன்பின் வகுக்கப்படும். எவ்வளவு அழுத்தம், எவ்வளவு வேகம், சாணை வார் தேயத்தேய எவ்வளவு ஈடுகட்டுவது என்பவற்றைச் சொல்ல ஓர் அறிவுத் தொகுப்பும் கணினியில் இடம்பெற்றது. செயற்கை நுண்ணறிவு என்னும் சொல் இன்றுபோல் தெருவெங்கும் ஒலிக்காத காலத்திலேயே, அதன் உள்ளடக்கம் இவ்வாறு ஒரு சாணைப் பட்டறையில் வேலைக்கு வந்தது.

புதியதைச் செய்யும் இயந்திரத்துக்கு ஆணை போதும். பழையதைச் சீர்செய்யும் இயந்திரத்துக்கு அறிவு வேண்டும். சீர்செய்தலையே தொழிலாகக் கொண்டமையால், இத்தீவு இயந்திரத்துக்கு அறிவு புகட்டும் முயற்சியில் முன்னதாகவே இறங்க நேர்ந்தது.

சீர்செய்தவர் செய்யத் தொடங்கினர்

சீர்செய்யும் ஆலைகளில் சேர்ந்த நம்பிக்கையே பின்னர்ப் புதிய பொருள் செய்யும் ஆலைகளையும் இங்கு வரவழைத்தது. 2012 பிப்ரவரியில் சிலேத்தாரில் ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனத்தின் வளாகம் திறக்கப்பெற்றது. 70 கோடி வெள்ளிக்கு மேற்பட்ட முதலீடு. ட்ரெண்ட் வகைப் பெரிய எந்திரங்களைப் பூட்டிச் சோதிக்கும் கூடம். அதனோடு, எந்திரத்தின் முகப்பிலுள்ள அகன்ற விசிறி இதழ்களைச் செய்யும் ஆலை. அவ்விதழ்களை பிரிட்டனுக்கு வெளியே அந்நிறுவனம் செய்தது அதுவே முதன்முறை.

விசிறி இதழின் பிறப்பு வியப்புக்குரியது. டைட்டானியம் தகடுகள் மூன்றை அடுக்கி, சில இடங்கள் மட்டும் ஒட்டாதபடி பூச்சுத் தடவி, கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஒன்றோடொன்று ஒன்றச் செய்வர். பின் அதனை முறுக்கி, அச்சுக்குள் வைத்து, 900 செல்சியசுக்கு மேல் சூடாக்கி, ஒட்டாத இடைவெளிகளில் ஆர்கான் வாயுவைச் செலுத்துவர். எண்ணெயில் இட்ட பூரி உப்புவதுபோல உலோகம் உப்பும். நடுத்தகடு இழுபட்டு, உள்ளே உத்தரக்கட்டைகள்போல் தாங்கி நிற்கும். உள்ளே வெற்றிடம், வெளியே வலிமை. இத்தகைய இதழ்கள் ஓர் எந்திரத்துக்கு இருபதுக்குக் குறையாமல் தேவை. 2016இல் பிராட் அண்டு விட்னி நிறுவனமும் சிலேத்தாரில் விசிறி இதழ்களையும் சுழலி வட்டுகளையும் செய்யும் ஆலையைத் திறந்தது. அதே ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், தேசிய ரோபோவியல் திட்டத்துக்கென அரசு மூன்றாண்டுக்கு 45 கோடி வெள்ளிக்கு மேல் ஒதுக்கியது.

இவ்வெற்றிக்கு ஒரு மறுபக்கம் உண்டு. வரலாறு எழுதுவோர் அதை மறைத்தல் ஆகாது. இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் பார்னால்ட்ஸ்விக் என்னும் சிற்றூர் இருக்கிறது. ஜெட் எந்திரத்தின் தொடக்ககால வளர்ச்சி பெரிதும் அங்கே நடந்தது. ரோல்ஸ்-ராய்ஸ் எந்திரப் பெயர்களின் முன்னே வரும் இரண்டாம் எழுத்து அவ்வூரைக் குறிப்பதே. பெருந்தொற்றால் விமானங்கள் தரையில் நின்ற 2020ஆம் ஆண்டில், அவ்வூர் ஆலையின் விசிறி இதழ் வேலையைச் சிங்கப்பூருக்கு மாற்ற நிறுவனம் முடிவு செய்தது. 350 பேரின் வேலை ஆட்டங்கண்டது. தொழிலாளர் வாரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தனர். 2021 ஜனவரியில் ஏற்பட்ட உடன்பாடு ஆலையை மூடாமல் காத்தது. எனினும் இதழ் வேலை கைமாறுவதைத் தடுக்கவில்லை. 1968இல் சிலேத்தார்ப் பட்டறைத் தொழிலாளர் அடைந்த கலக்கத்தை, அரை நூற்றாண்டுக்குப் பின் அச்சிற்றூரினர் அடைந்தனர். திறன் ஓரிடத்தில் நிலைத்து நிற்பதன்று என்பதற்கு இரண்டும் சான்று.

இயந்திரம் தோற்ற இடமும் வென்ற இடமும்

இயந்திரக் கை எங்கும் வெல்லும் என்று எண்ணுதல் பிழை. போயிங் நிறுவனம் 777 விமானத்தின் உடற்பகுதியை ரோபோக்களைக் கொண்டே பூட்டத் திட்டமிட்டது. ஒரு விமானத்துக்குச் சுமார் 60,000 ஆணிகள். வெளியே ஒரு ரோபோ துளையிட்டு ஆணி செலுத்த, உள்ளே மற்றொன்று அதைத் தாங்கிப் பிடிக்கவேண்டும். இரண்டும் ஒத்திசைந்து இயங்குவதில் ஓயாத தொல்லை. விடுபட்ட வேலையை மனிதர் முடிக்கவேண்டியதாயிற்று. 2019இல் நிறுவனம் அம்முறையைக் கைவிட்டு, தேர்ந்த தொழிலாளரிடமே வேலையை மீண்டும் ஒப்படைத்தது. துளையிட மட்டும், தண்டவாளம்போல் உடற்பகுதியில் பொருத்தக்கூடிய எளிய தானியங்கியை அவர்களுக்குத் துணையாக்கியது. கோடிக்கணக்கில் பணமும் சிறந்த பொறியாளரும் இருந்தும், இரு மனிதர் கண்ணாலும் செவியாலும் ஒருவரையொருவர் குறிப்பறிந்து செய்யும் வேலையை இரும்புக் கைகளுக்கு எளிதில் கற்பிக்க முடியவில்லை.

வென்ற இடங்களும் உண்டு. லோயாங்கிலுள்ள ஜிஇ நிறுவனத்தின் பழுதுபார்ப்பு ஆலை, தேய்ந்த அமுக்கி இதழ்களின் நுனியை உலோக முப்பரிமாண அச்சு முறையில் வளர்த்தெடுக்கும் நுட்பத்தை வணிக அளவில் கொண்டுவந்து, 2022இல் அதனை அறிவித்தது. அங்கும் அதே பழைய சிக்கல்: ஒவ்வோர் இதழும் ஒவ்வொரு விதமாகத் தேய்ந்திருக்கும். முன்பு தொடுகோல் தடவிப் பார்த்ததை இப்போது நிழற்படக் கருவி பார்க்கிறது. மென்பொருள் ஒவ்வோர் இதழின் உருவத்தையும் தனித்தனியே கணித்து, அதற்குரிய ஆணையை அச்சு இயந்திரத்துக்கு வகுத்துக்கொடுக்கிறது. எஸ்டி எஞ்சினியரிங் நிறுவனமோ, விமானத்தின் மேற்புறத்தைச் சிறு ஆளில்லா வானூர்தியால் படமெடுத்து ஆராயும் முறைக்கு 2020இல் அதிகாரிகளின் ஒப்புதல் பெற்றது. உயர்ந்த ஏணியில் ஏறி, கைவிளக்கின் ஒளியில் கீறல் தேடிய காலம் மாறுகிறது.

எனினும் இறுதிக் கையொப்பம் மனிதனுடையதே. கீறல் என்று கணினி காட்டியது உண்மையில் கீறலா, அழுக்கா, நிழலா என்று முடிவு செய்து, “பறக்கத் தகும்” எனக் கையெழுத்திடும் பொறுப்பு உரிமம் பெற்ற பொறியாளரிடமே இருக்கிறது. சட்டம் அப்படிக் கோருகிறது. பொறுப்பேற்க ஒரு மனிதன் இல்லாத இடத்தில், பிழைக்கு விடை சொல்ல எவரும் இல்லை.

எஞ்சி நிற்கும் கேள்வி

இங்கேதான் எதிர்காலம் பற்றிய கேள்வி எழுகிறது. இயந்திரத்துக்குள் வைத்த அறிவு எங்கிருந்து வந்தது? சாணை வாரின்முன் நின்று, பல்லாயிரம் தகடுகளைத் தேய்த்துப் பழகிய கைகளிலிருந்து வந்தது. அழுத்தம் இவ்வளவு, நிறுத்துமிடம் இது என்று அவர்கள் செய்துகாட்டியதையே ஆய்வாளர் அளந்து, எண்ணாக்கி, கணினியில் பதித்தனர். காப்புரிமை ஏடுகளிலும் ஆய்விதழ்களிலும் ஆய்வாளர் பெயர் இருக்கிறது. அதற்குரிய உழைப்பு அவர்களுடையதே. தகடு தேய்த்தவரின் பெயர் எங்கும் இல்லை. பெனட்டும் ஷையர்சுமாவது தேடினால் கிடைப்பர். இவர்கள் தேடினாலும் கிடையார்.

பெயர் மறைவதைவிடப் பெரிய இழப்பு ஒன்றும் நேரக்கூடும். பத்தாயிரம் தகடுகளைத் தொட்டவனுக்கே பத்தாயிரத்தோராவது தகட்டின் குறை தெரியும். எளிய தகடுகளையெல்லாம் இயந்திரமே தேய்த்துவிட்டால், இயந்திரம் திகைத்து ஒதுக்கும் கடினமான தகடு மட்டுமே மனிதனிடம் வரும். எளியதில் பழகாதவன் கடினமானதை எப்படிச் செய்வான்? இயந்திரம் தவறு செய்தால், அது தவறு என்று அவன் எப்படி அறிவான்?

கிளமெண்டி சாலையிலும் டோவர் சாலையிலும் உள்ள தொழிற்கல்லூரிகள் எதிர்கொள்ளும் கேள்வி இதுவே. கணினி நிரல் எழுதக் கற்பிப்பது எளிது. ரோபோவை இயக்கக் கற்பிப்பதும் எளிது. அரத்தைப் பிடித்து ஓர் உலோகத் துண்டைச் சமதளமாக்க மாணவன் வியர்வை சிந்தவேண்டுமா என்று கேட்டால், வேண்டும் என்பதே இந்த வரலாறு தரும் விடை. அம்மாணவன் வாழ்நாளெல்லாம் அரம் பிடிக்கப் போவதில்லை. ஆயினும் உலோகம் எப்படி எதிர்க்கும், எப்படி இணங்கும் என்பதை ஒருமுறையேனும் உள்ளங்கை அறிந்திருந்தால்தான், திரையில் தோன்றும் எண் மெய்யா பொய்யா என்று ஐயுறும் துணிவு அவனுக்கு வரும்.

பிறர் விட்டுச்சென்ற பட்டறையில், பிறர் கழித்த விமானங்களைச் சீர்செய்து வாழத் தொடங்கிய தீவு இது. அவ்வேலை கற்றுத்தந்த பொறுமையே அதன் இயந்திரங்களுக்கும் அறிவாயிற்று. அப்பொறுமையைக் கணினிக்குக் கொடுத்துவிட்டுக் கையில் வைத்துக்கொள்ளாமல் போனால், அடுத்த முறை புதுவகைத் தகடு ஒன்று வந்து இயந்திரம் விழிக்கும்போது, அதற்குக் கற்பிக்க ஆளிருக்காது. சிலேத்தாரிலும் லோயாங்கிலும் ஆண்டுக்கணக்கில் உழைத்து ஓய்வுபெற்ற முதியவர் பலர், தமிழர் உட்பட, இன்னும் இத்தீவின் அடுக்குமாடி வீடுகளில் வாழ்கின்றனர். அவர்கள் கை அறிந்ததைக் கேட்டு எழுதிவைப்பதற்கு இன்னும் காலம் கடந்துவிடவில்லை.